புகையானின் முதுகும் முள்ளும் ஒரே படத்தில்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் சம்பா வயல் வட்ட வட்டமாகக் கருகினால் முதல் சந்தேகம் புகையான் மேல்தான். தூரடியில், தண்ணீருக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி. இறக்கையோடு சேர்த்தாலும் நான்கைந்து மில்லிமீட்டர்தான். பச்சைத் தத்துப்பூச்சிக்கு இல்லாத ஓர் அடையாளம் இதற்கு உண்டு: பின்னங்காலில் அசையும் முள். அந்த முள்ளையும் முதுகையும் ஒரே படத்தில் தெளிவாக எடுப்பதுதான் பாடு.

இரு கண்ணாலும் பார்க்கும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தால் பூச்சி முழுக்கத் தெளிவாகத்தான் தெரிகிறது. பார்க்கும் இடத்துக்கேற்பக் கண் தன் லென்ஸை மாற்றிக்கொண்டே இருக்கிறது. மீதியை மூளை சேர்த்துக்கொள்கிறது. கேமராவோ பெரும்பாலும் ஒற்றைக்கண்: ஒரு பாதை வழியே மட்டும் பார்த்து, ஒரு மெல்லிய அடுக்கைத்தான் தெளிவாகப் பிடிக்கும்.

ஐரிஸை, அதாவது ஒளி புகும் துளையை, சுருக்கினால் தெளிவாக விழும் ஆழம் கூடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். நியூமரிக்கல் அப்பர்ச்சர் (லென்ஸ் எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை வாங்குகிறது என்ற எண்) 0.1 என்றால், பச்சை ஒளியில் தெளிவாக விழும் அடுக்கு சுமார் 55 மைக்ரான், 3.4 மைக்ரான் தள்ளியிருக்கும் இரு புள்ளிகள் தனித்தனியே தெரியும். 0.05 ஆக்கினால் ஆழம் 220 மைக்ரான், ஆனால் புள்ளிகள் 6.7 மைக்ரான் விலகியிருந்தால்தான் பிரியும். நுணுக்கத்தில் பாதியைக் கொடுத்தும், ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பூச்சி அடங்கவில்லை. என்னைக் கேட்டால் ஐரிஸைப் பாதிக்கு மேல் மூடுவது வீண்.

எனவே பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவதுதான் வழி. ஃபோகஸை 40 மைக்ரான், 40 மைக்ரானாக இறக்கி இருபத்தைந்து முப்பது படம் எடுத்தால், ஒவ்வோர் இடத்துக்கும் எந்தப் படம் கூர்மையோ அதை மென்பொருள் பொறுக்கிக்கொள்ளும். ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டேக்கர் இதற்கென்றே உள்ளவை.

இங்கேதான் ஸ்டீரியோவுக்கே உரிய வம்பு. கண்ணுக்கொரு தனி லென்ஸுள்ள க்ரீனோ வகையில் இரண்டு ஒளிப்பாதைகளும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருக்கும். ஃபோகஸ் திருகோ மைக்ரோஸ்கோப்பின் தலையைச் செங்குத்தாக இறக்கும். கேமரா சாய்ந்து பார்ப்பதால் ஒவ்வொரு படத்திலும் பூச்சி கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். இரு பாதைக்கும் ஒரே பெரிய முன்லென்ஸ், அதாவது பொது ஆப்ஜெக்டிவ், உள்ள வகையிலும் ஒளி லென்ஸின் ஓரமாகப் போவதால் இதே கதை. சில கருவிகளில் ஆப்ஜெக்டிவைக் கேமராப் பாதைக்கு நேராகத் தள்ளிவைக்கலாம். அது இல்லாவிட்டால், கேமராப் பாதை செங்குத்தாகும் அளவுக்குத் தலையைச் சாய்த்துப் பொருத்த வேண்டும்.

மீதி கைவேலை. மதுசாரத்தில் மிதக்கும் பூச்சி படத்துக்குப் படம் அசையும். தெளிந்த சானிடைசர் ஜெல்லில் பதித்தால் அடங்கும். ஒளி மென்மையாகப் பரவ விளக்குக்கு முன் பட்டர் பேப்பர். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், ஐப்பசிப் புழுக்கமானாலும்.

முடிகள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்கிடும் இடத்தில் மென்பொருளும் தடுமாறி, ஓரத்தில் வெண்மங்கலை விடும். படத்தைப் பெரிய, சிறிய நுணுக்கங்களாகப் பிரித்துச் சேர்க்கும் பிரமிட் முறையில் அது குறைவு. முள்ளை அளக்கப்போகிறவர்கள் அடுக்கிய படத்தோடு தனிப்படங்களையும் அழிக்காமல் வைத்துக்கொள்வது நல்லது.