ஆயிரம் பேருக்கு எத்தனை படுக்கை?

ஜப்பானில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 13 மருத்துவமனைப் படுக்கைகள் இருக்கின்றன. ஸ்வீடனில் 2 தான். எண்ணை மட்டும் பார்த்தால் ஸ்வீடன் மக்கள் நோயோடு தெருவில் நிற்பதாகத் தோன்றும். ஆனால் அங்கேயும் சராசரி ஆயுள் 80 வயதைத் தாண்டியதுதான். அப்படியென்றால் இந்த ஆறு மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி, எதைப் படுக்கை என்று எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது. ஜப்பானின் கணக்கில் மனநல மருத்துவமனைகளும், முதியவர்கள் மாதக்கணக்கில் தங்கும் வார்டுகளும் சேரும். ஸ்வீடனோ 1992இல் ஒரு சீர்திருத்தம் செய்து, முதியோரின் நீண்டகாலப் பராமரிப்பை நகராட்சிகளிடம் ஒப்படைத்தது. அந்தப் பாட்டிகளும் தாத்தாக்களும் எங்கும் மறைந்துவிடவில்லை. மருத்துவமனைக் கணக்கிலிருந்து வெளியே போனார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, ஒருவர் எத்தனை நாள் தங்குகிறார் என்பது. தினமும் 10 பேர் சேர்ந்து, ஒவ்வொருவரும் 8 நாள் இருந்தால் சராசரியாக 80 படுக்கைகள் நிரம்பியிருக்கும். 4 நாளில் வீடு திரும்பினால் 40 போதும். கண்புரை அறுவைக்கு ஒரு காலத்தில் நாள்கணக்கில் படுத்திருந்தார்கள். இன்று காலையில் போய் மாலையில் வந்துவிடுகிறார்கள். அதனால் படுக்கை குறைந்தாலே அரசு கைவிட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பணம் தரும் முறைக்கும் இதில் பங்குண்டு. சோவியத் அமைப்பில் படுக்கை எண்ணிக்கையை வைத்தே மருத்துவமனைக்கு நிதி ஒதுக்கினார்கள், படுக்கைகளும் பெருகின.

சரி, 80 பேருக்கு 80 படுக்கை போட்டால் போதுமா? போதாது. சில படுக்கைகள் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். இதைத்தான் நிர்வாகிகள் பலர் வீண் செலவு என்று தவறாக நினைக்கிறார்கள். நோயாளிகள் வரிசை வைத்து வருவதில்லை. ஒரு நாள் 5 பேர் வருவார்கள், மறுநாள் 16 பேர். எல்லாப் படுக்கையும் நிரம்பியிருந்தால் அந்தப் பதினாறு பேரும் அவசர சிகிச்சைப் பிரிவின் ஸ்ட்ரெச்சரிலேயே காத்துக்கிடப்பார்கள். 1999இல் பிரிட்டனில் ஒரு மருத்துவமனையின் மாதிரியைக் கணினியில் உருவாக்கி இதை ஆராய்ந்தார்கள். நிரம்பியிருக்கும் படுக்கைகள் சராசரியாக 85 சதவீதத்தைத் தாண்டியதும் ஆபத்து தெரிய ஆரம்பித்தது. 90ஐத் தாண்டினால் இடநெருக்கடி வாடிக்கையாகிவிட்டது. காலியாகக் கிடக்கும் அந்தச் சில படுக்கைகள் நாளை வரப்போகிறவருக்கானவை. சிறிய மருத்துவமனையில் ஏற்ற இறக்கம் இன்னும் கூர்மையாக இருக்கும் என்பதால், அங்கே காலி இடம் இன்னும் கூடுதலாகவே வேண்டும்.

நாட்டுச் சராசரி மறைக்கும் இன்னொரு விஷயம் தூரம். தலைநகரில் படுக்கைகள் குவிந்திருந்தாலும், ஐந்து மணி நேரப் பயணத்துக்கு அப்பால் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்கு அவை இல்லாதது மாதிரிதான்.

அப்புறம், எல்லாப் படுக்கையும் ஒன்றல்ல. ஐரோப்பாவில் 2010-11 வாக்கில் எண்ணியபோது, லட்சம் பேருக்கு ஜெர்மனியில் 29 தீவிர சிகிச்சைப் படுக்கைகள் இருந்தன. போர்ச்சுகலில் 4 தான். அத்தகைய படுக்கைக்கு வெண்டிலேட்டர் வேண்டும். அதை இரவு பகலாகக் கவனிக்கப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் வேண்டும். கட்டிலை ஒரே வாரத்தில் வாங்கிவிடலாம், செவிலியரை உருவாக்க வருடங்கள் ஆகும். உலகிலேயே அதிகப் படுக்கைகள் கொண்ட நாடுகளில் ஒன்றான ஜப்பானில், 2021 கோடையில் கோவிட் உச்சத்தில் இருந்தபோது, டோக்கியோவில் ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனையில் இடமில்லாமல் வீட்டிலேயே படுத்திருந்தார்கள்.