ஹைப்ரிட் வேறு, பி.டி. வேறு: விதை வாங்கும் முன் தெரிய வேண்டிய சட்டம்

ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் குழித்தட்டு நாற்று வாங்கி நடும் தக்காளியைக் காட்டி, "இதெல்லாம் மரபணு மாத்தினதுங்க" என்பவர்கள் உண்டு. இல்லை, அது ஹைப்ரிட். இரண்டு தக்காளி வகைகளைக் கலப்பினம் செய்து எடுத்த விதை, அவ்வளவுதான். வேறொரு உயிரின் மரபணுவை ஆய்வுக்கூடத்தில் பயிருக்குள் சேர்த்தால்தான் அது பி.டி. போன்ற மரபணு மாற்றுப் பயிர். அப்படி நம் நாட்டில் விவசாயிகள் சாகுபடி செய்துவருவது, 2002-ல் அனுமதி கிடைத்த பி.டி. பருத்தி ஒன்றைத்தான்.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-ல் வந்த விதிகளின்படி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அனுமதிக்காத மரபணு மாற்று விதையை விற்கவும் கூடாது, விதைக்கவும் கூடாது. பி.டி. கத்தரிக்கு 2009-ல் குழு சம்மதித்தது. 2010 பிப்ரவரியில் அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். பக்கத்து வங்கதேசத்தில் 2014 முதல் அதே கத்தரி வயலில் இருக்கிறது. மரபணு மாற்றுக் கடுகுக்கு 2022-ல் நிபந்தனையோடு அனுமதி வந்தது. அந்த அனுமதி செல்லுமா என்பதில் 2024-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு தந்தார்கள்.

சரி, சாப்பிட்டால் ஆபத்தா? பி.டி. என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. அதன் மரபணுவைத்தான் பயிருக்குள் சேர்க்கிறார்கள். அதன் புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடல் சுவரில் ஒட்டி ஓட்டை போடுகிறது. நம் வயிற்றில் இருப்பது அமிலம். அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. சந்தையில் உள்ள மரபணு மாற்று உணவுகள் மற்றவற்றைவிடக் கூடுதல் ஆபத்தானவை என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016-ல் அறிக்கை தந்தன. ஒவ்வொரு புதுப் பயிரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பது வேறு விஷயம், அது நியாயமும்கூட. பி.டி. பருத்திக்கொட்டை எண்ணெயும் பிண்ணாக்கும் ஏற்கெனவே புழக்கத்தில்தான் இருக்கின்றன.

என்னைக் கேட்டால், தட்டைவிட வயலில்தான் கவலைப்பட வேண்டியது அதிகம். இளஞ்சிவப்பு காய்ப்புழு பி.டி. புரதத்துக்குப் பழகிவிட்டது. பழகாத புழுக்களும் பிழைத்து இனம் கலந்தால் அப்படிப் பழகுவது தள்ளிப்போகும் என்றுதான் பி.டி. இல்லாத விதையையும் சேர்த்து விதைக்கச் சொன்னார்கள். முன்பு 120 கிராம் தனிப் பொட்டலமாக வந்தது. பலர் அதை விதைக்கவே இல்லை. இப்போது 475 கிராம் பாக்கெட்டிலேயே கலந்து வருகிறது. ஆகவே ஒரு செடியில் புழு விழுந்து பக்கத்துச் செடி சுத்தமாக இருந்தால் உடனே போலி விதை என்று முடிவு கட்ட வேண்டாம். மாவுப்பூச்சி, வெள்ளை ஈ போன்ற சாறுறிஞ்சிகளை பி.டி. எதுவும் செய்யாது.

அப்புறம் விலை. பி.டி. பருத்தி விதைக்கு மத்திய அரசே உச்ச விலை வைக்கிறது. இரண்டு பி.டி. மரபணுக்கள் உள்ள இரண்டாம் தலைமுறை பாக்கெட்டுக்கு 2025-26-ல் 901 ரூபாய் என்று வைத்தது. அந்தந்த ஆண்டின் உச்ச விலைக்கு மேல் கேட்டால் தர வேண்டியதில்லை. பில் தருவது கடைக்காரரின் கடமை. களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பருத்தி என்று "களை எடுக்கிற கூலி மிச்சம்" ஆசை காட்டி பில் இல்லாமல் விற்றால், அது அனுமதியே இல்லாத விதை. அரூர், ஊத்தங்கரை பக்கம் பருத்தி போடுபவர்கள் இதில் ஏமாறக் கூடாது. முளைக்காவிட்டால் நஷ்டஈடு கேட்க உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

முறையான விதை கைவிட்டால் வழி உண்டு. பில், பாக்கெட், அதில் உள்ள குவியல் எண் (லாட் நம்பர்) அட்டை, கொஞ்சம் மிச்ச விதை ஆகியவற்றை அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். பயிர் நிலத்தில் நிற்கும்போதே வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ விதை ஆய்வாளரிடமோ எழுத்தில் புகார் கொடுங்கள். அழித்து உழுதபின் போனால் பார்வையிட ஒன்றும் இருக்காது. ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனு தரலாம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொல்லிவிட்டதால், நுகர்வோர் ஆணையத்துக்கும் நேராகப் போகலாம்.