தென் அமெரிக்காவின் நடுப்பகுதி ஏன் இருட்டாக இருக்கிறது?

தென் அமெரிக்காவை இரவில் விண்வெளியிலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள். வெளிச்சம் பெரும்பாலும் ஓரத்தில், நடுவில் பெரிய இருட்டு. 12 நாடுகளில் 40 கோடிக்கும் மேல் மக்கள் இருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலானோர் கடலை ஒட்டியோ மலைமேலோதான் வாழ்கிறார்கள். பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலம் 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் பெரியது; 2022 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் சுமார் 39 லட்சம் பேர், அதிலும் பாதிக்கு மேல் மனாஸ் என்ற ஒரே நகரத்தில்.

நடுவில் அமேசான் காடு இருப்பதால் ஆளில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் காடு ஏன் அங்கே வந்தது என்று கேட்டால்தான் விஷயம் புரியும்.

அட்லாண்டிக்கிலிருந்து ஈரக்காற்று மேற்கு நோக்கி வீசுகிறது, வழியில் மழையாகக் கொட்டுகிறது, பெய்த நீரில் கணிசமான பங்கை மரங்கள் உறிஞ்சி இலை வழியாக மறுபடி காற்றுக்கே அனுப்புகின்றன, அந்த ஈரம் இன்னும் உள்ளே போய்த் திரும்பவும் பெய்கிறது. கடைசியில் சுமார் 7,000 கிலோமீட்டர் நீளமுள்ள ஆண்டிஸ் மலை குறுக்கே நிற்கிறது. கிழக்குச் சரிவில் மழை, மேற்கே பெரு, வடக்குச் சிலி கரையில் பாலைவனம். அந்தக் கரையில் மழைக்கு இன்னொரு தடையும் உண்டு: ஹம்போல்ட் என்னும் குளிர்ந்த நீரோட்டம். அது கடலை ஒட்டிய காற்றைக் குளிர வைப்பதால் காற்று மேலே எழும்புவதில்லை. மூடுபனி வரும், மழை வராது. பெருவின் தலைநகர் லிமா அப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது. சுமார் 1 கோடிப் பேர் வாழும் அந்த நகரத்தின் குடிநீர் பெரும்பாலும் ஆண்டிஸிலிருந்து இறங்கிவரும் ரிமாக் ஆற்றிலிருந்து வருகிறது.

சரி, மலைமேல் ஏன் இவ்வளவு கூட்டம்? 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். கொலம்பியாவின் பொகோட்டா பூமத்திய ரேகையிலிருந்து 5 டிகிரி அட்சரேகை கூடத் தள்ளி இல்லை, ஆனால் 2,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சராசரி வெப்பம் சுமார் 14 டிகிரிதான். கொசு குறைவு, உருளைக்கிழங்கு விளையும். உருளைக்கிழங்கை மனிதர்கள் முதன்முதலில் பயிராக்கியதே ஆண்டிஸில்தான்!

காட்டின் மண்ணைப் பற்றித்தான் நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள். இவ்வளவு பசுமை என்றால் மண் செழிப்பாகத்தானே இருக்கும் என்று தோன்றும். ஆனால் ஓயாத மழை சத்தையெல்லாம் அரித்துக்கொண்டு போய்விடுகிறது. மிச்சமிருப்பது பெரும்பாலும் மரங்களிலும் உதிர்ந்த இலைகளிலும்தான். மரத்தை வெட்டி எரித்தால் சில அறுவடை வரைக்கும் தாங்கும், அப்புறம் நிலம் சோர்ந்துவிடும். கரையிலிருந்து மக்களை உள்ளே இழுக்கப் பிரேசில் 1960-இல் தலைநகரையே பிரசிலியாவுக்கு மாற்றியது, அதுகூட அமேசான் காட்டுக்குள் இல்லை, தெற்கே உள்ள மேட்டுச் சமவெளியில்தான்.

ஆனாலும் இதை ஆதியிலிருந்தே ஆளில்லாத காடு என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐரோப்பியர் வருவதற்கு முன்பு ஆற்றங்கரைகளில் பெரிய ஊர்கள் இருந்தன. அவர்களோடு வந்த நோய்களாலும் அடிமைப்படுத்தலாலும் அந்த மக்களில் பெரும்பகுதி அழிந்துபோனார்கள். கரித்தூள், எலும்பு, சமையல் கழிவு எல்லாம் சேர்ந்து அந்த ஊர்கள் இருந்த இடத்தில் மண் கறுப்பாக, வளமாக மாறியிருக்கிறது. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் மழையில் நனைந்தும் சத்து போகவில்லை, இன்றும் அங்குள்ள விவசாயிகள் அந்தக் கறுப்பு மண்ணைத் தேடிப்போய்ப் பயிர் வைக்கிறார்கள்.