சக்கரத்துக்கு வளைவு, குளம்புக்குக் குறுக்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து தெருவுக்கு இறங்க இரண்டு வழிகள். லொறிப் பாதை வளைந்து வளைந்து போகும். குறுக்கோ, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓரடி அகலத்தில் நேராக விழும். கொழுந்துச் சாக்கோடு போகிறவர்களும் குறுக்கில்தான் போவார்கள்.

வண்டித் தெரு வரும் முன் இலங்கை மலைநாட்டின் கண்டி அரசுக்குள் போனவை பெரும்பாலும் இத்தகைய தடங்கள்தான். பாக்கும் மிளகும் கீழே இறங்கின. உப்பும் கருவாடும் மேலே ஏறின. மலையில் உப்பு விளையாது. கண்டி அரசு டச்சுக்காரரோடு செய்த 1766 ஒப்பந்தத்துக்குப் பிறகு கடற்கரை முழுவதும் அவர்கள் வசம். ஆகவே பொதிமாட்டு வரிசையான தவளம் நின்றால் சட்டியில் உப்பு நிற்கும். கண்டி அரசர்கள் இதற்கென்றே ‘மடிகே’ என்ற பிரிவை வைத்திருந்தார்கள். அதில் முஸ்லிம்கள் பலர்.

வண்டியில் அதிகம் ஏற்றலாமே, ஏன் முதுகில்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 கிலோ மாடு நாள் முழுக்கச் சளைக்காமல் இழுப்பது தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஒரு சோடிக்கு 60 கிலோ. சுமையோடு 1,000 கிலோ வரும் வண்டியை நல்ல சமதரையில் உருட்ட 30 கிலோ இழுவை என்று வையுங்கள். பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் அதோடு இன்னும் 100 கிலோ சேரும். மாடு முழங்காலிட்டுவிடும். முப்பதுக்கு ஒன்று என்றால் மொத்தம் 63, சமாளிக்கலாம். ஏற்றத்தை அப்படித் தணிக்கத்தான் வண்டிப் பாதை வளைகிறது.

பொதிமாட்டுக்கு இழுவைக் கணக்கு இல்லை. இரு பக்கமும் சம எடை தொங்க வேண்டும், பாரம் முதுகெலும்பில் அல்லாமல் விலாவில் அமர வேண்டும், அவ்வளவுதான். ஒரு பக்கம் இரண்டு படி கூடினாலும் பொதி சரிந்து தோலை உரித்துவிடும். இறக்கத்தில் பொதி முன்னே வழுக்காமல் திமில் தடுக்கும். பிளந்த குளம்பு விரிந்து ஈர மண்ணைப் பற்றும்.

1820களில் பிரித்தானிய ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டித் தெரு வெட்டப்பட்டது. அந்த வேலையில் இருந்த பொறியியலாளர் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவுக் கோபுரம் அந்தத் தெருவில் கடுகண்ணாவையில் நிற்கிறது. ஏற்றத்தைத் தணித்த அந்தத் தெருவில் கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டி ஏறின. தெரு எட்டாத தோட்டங்களில் பொதிமாடு ஓயவில்லை.

1867இல் ரயில் கண்டியை எட்டியது. இரும்புச் சக்கரம் இரும்பில் எளிதாக உருளும், ஆனால் எளிதாக வழுக்கவும் செய்யும். கடுகண்ணாவை ஏற்றத்தில் 45 அடிக்கு ஓரடிதான் உயர்வு. பதுளை போகும் ரயில் பாதையில், தெமோதரையில் இறங்க வழியில்லாமல் தண்டவாளம் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, தன் நிலையத்துக்கு அடியிலேயே நுழைகிறது. மாடாக இருந்தால் குறுக்கில் இறங்கியிருக்கும்.