டிரவுட் மீன் பிடிக்கப் போறீங்களா, பிராந்தியை வீட்லயே வச்சிட்டுப் போங்க

கோடை மழை ஆரம்பிச்சா எங்க கேஷுவாலிட்டிக்கு ஊட்டி பக்கத்து அவலாஞ்சி, எமரால்டு பக்கமிருந்து குளிர்ல விறைச்சுப்போன ஆள் யாராவது வந்துடுவாங்க. போன வாரமும் ஒருத்தர், ஃப்ளை ஃபிஷிங் ஆசையில, அதாவது பூச்சி மாதிரி செஞ்ச ‘ஃப்ளை’யைத் தூண்டில்ல கட்டி மீன் பிடிக்கற ஆசையில, இடுப்பளவு தண்ணியில மணிக்கணக்கா நின்னிருக்கார், மத்தியானம் இடிமழை வேற, கூட வந்தவங்க பண்ண முதலுதவி என்னன்னா பிராந்தி. அப்புறம் நாக்கு குழறுது, கால் தடுமாறுது, "போதை, தூங்கினா சரியாயிடும்"னு ஜீப்ல படுக்க வச்சுட்டாங்க. வெறும் போதை இல்லைங்க, உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழ போயிடுச்சு.

இதை எத்தனை தடவைதான் சொல்றது? குடிச்சதும் கதகதன்னு இருக்கும், வாஸ்தவம்தான். தோலுக்கு அடியில ரத்தக்குழாய் விரியுது, இதயத்துக்கும் மூளைக்கும் வேண்டிய சூடு தோலுக்கு வந்து அப்படியே காத்துல போயிடுது, அந்தப் போற சூட்டைத்தான் நீங்க கதகதப்புன்னு நினைக்கறீங்க. நடுக்கத்தையும் அது குறைச்சிடும், நடுங்கித்தானே உடம்பு சூடு உண்டாக்கிக்குது! "அப்ப ரம் பரவாயில்லையா டாக்டர்?" ரம்மும் அதேதான், உங்க தாத்தா மிலிட்டரியில குடிச்சிருந்தாலும் அதேதான்.

"ஏப்ரல் மாசம்தானே"ங்கறது அடுத்த சமாதானம். மெட்ராஸ் அரசாங்கத்தோட மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி.வில்சன் காலத்துல, 1907-ல, அவலாஞ்சியில டிரவுட் குஞ்சு பொரிக்க வச்சதே தண்ணி சில்லுன்னு இருந்ததாலதான். 20 டிகிரி தாண்டினா அந்த மீனே திணறும். அதுக்கு சுகமான தண்ணியில நீங்க நின்னா, மேல வெயில் மண்டையைப் பொளந்தாலும் கீழ சூடு போயிட்டேதான் இருக்கும். விரல் மரத்துப்போய் நைலான் இழையில ஃப்ளையைக் கட்ட முடியலையா, அதுதான் முதல் அறிகுறி, ஏறி வந்துடுங்க.

மேல் மலையில இடி சத்தம் கேட்டாலோ, தெளிஞ்ச தண்ணி டீ கலருக்கு மாறி சுள்ளியும் இலையும் மிதந்து வந்தாலோ வெள்ளம் வருதுன்னு அர்த்தம், உடனே கரையேறுங்க, உங்க தலைக்கு மேல மழை இல்லாட்டியும் சரி. இன்னும் ஒரே ஒரு தடவை தூண்டில் வீசிடலாம்னு நிக்காதீங்க. கையில இருக்கற கார்பன் தூண்டில் கம்பு மின்சாரம் கடத்தும், கீழ போட்டுடுங்க, தனியா நிக்கற மரத்தடியில ஒதுங்காதீங்க. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைஞ்சா சீக்கிரம் காயாது. மாத்துத்துணியும் கம்பளியும் வண்டியில இருக்கட்டும், தயவுசெஞ்சு.

யாராவது விறைச்சுட்டா ஈரத்துணியைக் கழட்டுங்க, தலையோட சேர்த்து கம்பளி சுத்துங்க, நல்லா முழிச்சிருந்தா சர்க்கரை தூக்கலா சூடா டீ குடுங்க. கை காலைத் தேய்க்காதீங்க, நடக்க வைக்காதீங்க. ஆள் இன்னும் சில்லுன்னு இருக்கும்போதே நடுக்கம் நின்னுபோனா தேறிட்டார்னு சந்தோஷப்படாதீங்க, நிலைமை மோசமாகுது, 108-க்கு அடிங்க, சிக்னல் இல்லைன்னா காத்திருக்காம வண்டியை எடுங்க.

அப்புறம் இன்னொண்ணு, விரல்ல தூண்டி முள் ஏறினா கட்டிங் பிளேயரால பிடுங்கி சதையைக் கிழிச்சுக்காதீங்க. முள்ளோடயே வாங்க, மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துடறோம்.