மாணிக்கமா, கண்ணாடியா?

ரங்கூன் காளி கோயிலில் கும்பிட்டுவிட்டு நடந்தே போய்விடலாம் ஸ்காட் மார்க்கெட்டுக்கு. பெயர் பொஜோக் ஆங் சான் சந்தை என்று மாறிப் பல காலமாகிறது. அங்கே சிவப்புக் கல் பார்க்கிறவர்களுக்கு ஒரு பழைய சோதனை உண்டு: கல்லை உதட்டில் வை. சில்லென்றே இருந்தால் மாணிக்கம், சட்டென்று சூடேறினால் கண்ணாடி. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இதில் நிஜமான இயற்பியல் இருக்கிறது.

பர்மாவில் மாணிக்கத்துக்குப் பேர்போன ஊர் மோகோக். மோகோக் மாணிக்கம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த குருந்தம். சிவப்பைத் தருவது துளி குரோமியம். அதன் அணுக்கள் கல்யாணப் பந்தி மாதிரி: முதல் வரிசையைப் பார்த்தால் ஆயிரமாவது வரிசையையும் சொல்லிவிடலாம். உருகிய கண்ணாடி குளிரும்போது அணுக்களுக்கு வரிசை பிடிக்க நேரம் கிடைப்பதில்லை. கூட்டம் நின்றது நின்றபடி இறுகிவிடும். இப்படிப்பட்டதை ஆங்கிலத்தில் அமார்ஃபஸ் என்பார்கள். கிரேக்கத்தில் 'மார்ஃபே' உருவம், முன்னால் நிற்கும் 'அ' இன்மை. நம் பாடநூல்களில் படிக வடிவமற்ற திண்மம். எத்தனை பட்டை தீட்டினாலும் கண்ணாடி உள்ளுக்குள் உருவமற்றதுதான்.

வெப்பம் என்பது அணுக்களின் அதிர்வு. ஒழுங்கான வரிசையில் அது தடையில்லாமல் ஓடும். தாறுமாறான அமைப்பில் சில அணுக்களைத் தாண்டுவதற்குள் சிதறிப்போகும். குருந்தம் கண்ணாடியைவிட 20 மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்துவது அதனால்தான். உதட்டின் சூட்டை அது இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஒளியிலும் வித்தியாசம் தெரியும். மாணிக்கத்தின் அணு அடுக்கு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாததால், உள்ளே போகும் ஒளி இரண்டாகப் பிரிகிறது. டைக்ரோஸ்கோப் என்ற சின்னக் குழாயில் பார்த்தால் அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள்: ஒன்றில் ஊதா கலந்த சிவப்பு, மற்றதில் ஆரஞ்சு கலந்த சிவப்பு. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். படிக அச்சின் வழியே பார்த்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். கண்ணாடியை எப்படித் திருப்பினாலும் இரண்டு கட்டத்திலும் ஒரே சிவப்பு.

அதற்காக, ஒரே நிறம் காட்டிய கல்லையெல்லாம் கண்ணாடி என்று ஒதுக்கிவிடாதீர்கள். மோகோக்கிலேயே கிடைக்கும் ஸ்பினல் அசல் படிகம். அதன் அடுக்கு கனசதுர ஒழுங்கில் இருப்பதால் அதுவும் ஒரே நிறம்தான் காட்டும். பிரிட்டிஷ் மகுடத்தின் முகப்பில் இருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' உண்மையில் ஸ்பினல், அரண்மனையே ஏமாந்திருக்கிறது! கடினத்தில்தான் சாயம் வெளுக்கும்: மோஸ் அளவில் ஸ்பினல் 8, கண்ணாடி 5 அல்லது 6. லென்ஸில் உருண்டைக் காற்றுக்குமிழி தெரிந்தால் அது கண்ணாடியாகவோ, உலையில் செய்த செயற்கைக் கல்லாகவோ இருக்கலாம்.

இன்றைய தலைவலி, மாணிக்கமும் கண்ணாடியும் ஒரே கல்லுக்குள் இருப்பது. ஷான் மாநிலத்து மோங்ஷு கற்கள் 1990-களில் சந்தைக்கு வந்தன. பல கற்களில் நடுவே நீலம் பாய்ந்திருக்கும். போராக்ஸ் (வெண்காரம்) சேர்த்துச் சூளையில் சுட்டால் நீலம் போய்விடும். கூடவே விரிசல்களுக்குள் உருகி இறங்கியது கண்ணாடியாக இறுகிவிடும். விளக்கொளி பட்டையில் பட்டுத் தெறிக்கும்படி கல்லைச் சாய்த்து லென்ஸில் பாருங்கள். பளபளக்கும் முகத்தில் மங்கலாக ஒரு கோடு ஓடினால், அது கண்ணாடி அடைத்த விரிசலாக இருக்கலாம்.

அப்படிப்பட்ட கல்லை மோதிரத்தில் வைத்தபடி பற்றவைக்கக் கொடுக்காதீர்கள். மாணிக்கம் உருக 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். கண்ணாடிக்கு உருகுநிலை என்று ஒரு புள்ளியே கிடையாது. ஊதுகுழல் தீ பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக இளக ஆரம்பித்துவிடும்.