அப்பளம் போல் பெயரும் பூச்சு

கான்கிரீட் தரையில் அடைத்த குழி பெயர்ந்துபோனது, இந்த மாதத்தில் இது ஐந்தாவது வீடு. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஓர் அக்கா கூப்பிட்டார். "தம்பி, தீபாவளிக்கு முன்னாடிதான் அடைச்சோம், மறுபடியும் பெயர்ந்துடுச்சு." கார் நிறுத்தும் இடத்தில் இருபது முப்பது சின்னக் குழிகள். ஒவ்வொன்றின் மேலும் அப்பளம் போல ஒரு சாம்பல் நிற வில்லை. நகத்தால் நெம்பினேன், முழுசாகக் கையோடு வந்தது. அடியில் பழைய தூசி அப்படியே இருந்தது.

மணலே இல்லாமல் வெறும் சிமெண்டைக் கரைத்துத் தடவியிருக்கிறார்கள். சிமெண்ட் கூடினால் கெட்டி கூடும் என்ற இந்த நினைப்பை யார்தான் கிளப்பிவிட்டார்களோ! சிமெண்ட் வெறும் பசை. காயும்போது சுருங்கும். பழைய கான்கிரீட் சுருங்கி முடித்து வருஷக்கணக்காகிறது, அது அசையாது. புதுசு மட்டும் சுருங்கினால் ஓரம் கிளம்பாமல் என்ன செய்யும்? அந்தச் சுருக்கத்தைத் தடுத்து நிறுத்துவது மணல்தான். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு கழுவிய மணல். "மணல் போட்டா பலம் குறையாதா?" என்கிறார்கள். அடைத்தது பெயராமல் நிற்க மணல்தான் வேண்டும் ஐயா.

கலவையை உள்ளங்கையில் உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. உருட்டுவதற்கு முன் கையுறை போடுங்கள். ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும். உளி பிடித்தால் கண்ணாடியும் முகமூடியும் வேண்டும்.

குழியின் ஓரம் வழுக்கலாகச் சரியக் கூடாது. உளியால் நேராக வெட்டி, 10 மில்லிமீட்டராவது ஆழமாக்குங்கள். கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். குழி ஈரமாக இருக்கட்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. காய்ந்த கான்கிரீட் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். முதலில் கொஞ்சம் சிமெண்ட் பாலை, அதாவது தண்ணீரில் கரைத்த வெறும் சிமெண்டை, தேய்த்து, அது காய்வதற்குள் கலவையை அழுத்தி அடையுங்கள். ஆமாம், வெறும் சிமெண்டுக்கு இந்த ஒரு வேலைதான்.

குழியில் துருக்கறை தெரிந்தால் கை வைக்காதீர்கள். உள்ளே கம்பி அரிக்கிறது, மேலே அடைத்தால் மறைக்கத்தான் முடியும். அப்புறம் ஒன்று: தோட்டத்து உர மூட்டையை, அதுவும் அமோனியம் சல்பேட்டை, வாசலில் அடுக்குகிறவர்கள் குழிக்குச் சிமெண்ட் கம்பெனியைத் திட்ட வேண்டாம். அந்த உரமே கான்கிரீட்டைத் தின்னும்.

உச்சி வெயிலில் தடவிவிட்டு, மூன்று மணி மழையில் அது கரைந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அக்கா வீட்டில் சாயங்காலம் அடைத்து, ஈரக் கோணிச் சாக்கு போர்த்தி, மேலே பிளாஸ்டிக் விரித்தோம். ஏழு நாள் சாக்கு காயக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை கார் ரோட்டோரமே நிற்கட்டும்.